கல்யாண வேலையை விட்டுவிட்டுக் காட்டுயிர்ப் படம் எடுக்கப் போகலாமா?

கெடிலக்கரை:
வயது 27. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஸ்டூடியோவில் ஆறு வருஷமாகக் கல்யாணப் படம் எடுக்கிறேன். போன வருஷம் சீட்டு எடுத்து, தூரத்துப் பறவையை எடுக்கிற 150-600 மி.மீ. லென்ஸ் வாங்கினேன். ஞாயிறு ஆனால் பறவை எடுக்கப் பெருமாள் ஏரி, இல்லாவிட்டால் புதுச்சேரிப் பக்கம் ஊசுட்டேரி. தை பிறந்ததும் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். கபினி, பரத்பூர், காசிரங்கா என்று பேர்பெற்ற காட்டுயிர் இடங்களை ஒரு வருஷம் சுற்றினால் பேர் கிடைக்கும். அம்மா என்னோடு பேசுவதில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

முகூர்த்தக்கால்:
விடாதே தம்பி. புதுச்சேரியில் 22 வருஷமாக இதே தொழிலில் இருக்கிறேன், எனக்கும் அந்த ஆசை இருந்தது. நீ போகிற இடங்களில் 600 எஃப்4 என்கிற பெரிய லென்ஸோடு வருவார்கள். அது ஒன்றே பத்து லட்சத்துக்கு மேல். கல்யாணத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்புகிறோம், பறவைக்கு யார் அட்வான்ஸ் கொடுப்பார்கள்? ஊசுட்டேரியில் மூன்று வாரம் காத்திருந்து எடுத்த என் நீளவால் இலைக்கோழிப் படத்தை ஒரு கடைக்காரர் கேட்காமலே காலண்டரில் அச்சடித்தார். போய்க் கேட்டால், "உங்க பேர் போட்டிருக்கோமே சார்" என்றார். அந்த வருஷம் முழுக்க அது என் வீட்டுச் சுவரில் தொங்கியது.

தாழைக்கோழி:
அண்ணே, அந்தக் காலண்டர் விஷயத்தில் சட்டம் உங்கள் பக்கம். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாகப் போய் எடுத்த படம் உங்களுடையது. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படம்தான், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொன்னவருக்குப் போகும். அதாவது 22 வருஷக் கல்யாணப் படங்களில் பெரும்பாலானவை உங்களுடையவை அல்ல, அந்த இலைக்கோழிதான் உங்களுடையது.

தம்பிக்கு நான் சொல்வது: வேலையை விடு, ஆனால் கபினிக்குப் போகாதே. அங்கே ஒரே புலியை இருபது ஜீப்பிலிருந்து எடுக்கிறார்கள். காட்டுயிர் எழுத்தாளர், படக்காரர் மா. கிருஷ்ணன் கருப்பு வெள்ளையில் எடுத்தார். 1950 முதல் 1996இல் இறக்கும் வரை ஆங்கில நாளிதழில் தொடர்ந்து எழுதினார். படமும் எழுத்தும் சேர்ந்துதான் அவர்.

போன மாசியில் ஆமை முட்டைகளைக் காப்பாற்றச் சேகரிப்பவர்களோடு ஓர் இரவு கடற்கரையில் நடந்தேன். டிராக்டர் போன மாதிரி மணலில் தடம். ஒரு பங்குனி ஆமை குழியை மூடிவிட்டு, உடம்பைத் தூக்கித் தூக்கிப் போட்டு மணலை இறுக்கியது. உலக்கை இடிக்கிற மாதிரி சத்தம். ஃபிளாஷ் போடக் கூடாது என்பதால் நான் எடுத்தது விடிந்தபின் அந்தத் தடத்தை மட்டும். அதைக் காட்டித்தான் பள்ளிகளில் பேசுகிறேன், கட்டுரை எழுதுகிறேன், சம்பளம் வருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கினவே, நம் கரையை அப்படிப் பதிவு செய்ய இங்கேயே ஒருவர் வேண்டாமா?

முகூர்த்தக்கால்:
தங்கச்சி, உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளமும் இருக்கிறது, இல்லையா?

தாழைக்கோழி:
இருக்கிறது. மறைக்கவில்லை. அது இல்லாவிட்டால் முதல் மூன்று வருஷம் தாண்டியிருக்க மாட்டேன்.

முகூர்த்தக்கால்:
அதைத்தான் சொல்கிறேன். இந்தப் பையனுக்கு அந்தத் தாங்கல் இல்லை. மார்கழியில் முகூர்த்தம் கிடையாது, வலசைப் பறவைகள் ஏரியில் இருப்பதும் அப்போதுதான். ஆடியும் சும்மா. அந்த மாதங்களில் எடுக்கட்டும்.

தாழைக்கோழி:
ஆமை வருவது தை, மாசியில். அப்போது மூச்சு விட முடியாத அளவுக்குக் கல்யாணம். வருஷத்துக்கு இரண்டு மாதம் எட்டிப் பார்த்தால் ஓர் ஏரியைத் தெரிந்துகொள்ள முடியாது அண்ணே.

தம்பி, ஒன்று கேட்க வேண்டும். போன வாரம் நீ போட்ட நீலத்தாழைக்கோழிக் கூட்டுப் படம். முட்டை அவ்வளவு தெளிவாக எப்படித் தெரிகிறது? கோரையை விலக்கினாயா?

கெடிலக்கரை:
ஆமாம் அக்கா. நாலைந்து கோரையைத்தான் மடக்கினேன். திரும்ப நிமிர்த்திவிட்டு வந்ததாக நினைத்தேன். மறுநாள் போனேன். கோரை சாய்ந்தே கிடந்தது, கூட்டில் ஒன்றும் இல்லை. பக்கத்தில் இரண்டு காகம். இதை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் படத்துக்குத்தான் இதுவரை எனக்கு அதிகமாக லைக் வந்தது.

முகூர்த்தக்கால்:
படத்தை நீக்கிவிடு தம்பி. ஊசுட்டேரி 2008லிருந்து பறவைகள் சரணாலயம். இப்படிப்பட்ட இடத்தில் படம் எடுக்கவே 1972 காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் அனுமதி வாங்க வேண்டும். வேலையை விடுகிற பேச்சு அப்புறம்.

தாழைக்கோழி:
இதில் அண்ணன் சொல்வதுதான் சரி.

கெடிலக்கரை:
படத்தை நீக்கிவிட்டேன். வேலை பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. ஜனவரி நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்குப் பேர் கொடுத்திருக்கிறேன். லென்ஸைக் கொண்டுபோகப் போவதில்லை, பைனாகுலர் மட்டும்தான். யாரிடமாவது இரவல் கிடைக்குமா அக்கா?