கைபேசியில் இருப்பதைப் பிள்ளை ஏன் பாடமாக்க வேண்டும்?

கிளிநொச்சித் தந்தை:
தரம் 10இல் கற்கும் என் மகள், மூலகங்களின் வலுவளவுகளை (ஒரு மூலகம் மற்றவற்றோடு சேரும் ஆற்றலைக் காட்டும் எண்களை) பாடமாக்க மறுக்கிறாள். தேடினால் உடனே கிடைப்பதை ஏன் தலையில் ஏற்ற வேண்டும் என்று கேட்கிறாள். பரீட்சை மண்டபத்தில் கைபேசிக்கு அனுமதி இல்லை என்ற பதில் அவளுக்கு மட்டுமல்ல, எனக்கும் போதவில்லை. பரீட்சையே இல்லாவிட்டாலும் பாடமாக்கத் தேவை உண்டா?

மாங்குளம் விஞ்ஞான ஆசிரியை:
உண்டு, ஐயா. அலுமினியம் ஒட்சைட்டின் சூத்திரத்தை மகளிடம் எழுதச் சொல்லி, அருகில் இருந்து பாருங்கள். அலுமினியத்தின் வலுவளவு 3, ஒட்சிசனின் வலுவளவு 2 என்பது மனத்தில் பதிந்த பிள்ளை, இரண்டையும் குறுக்கே மாற்றி, இரண்டு அலுமினியத்துக்கு மூன்று ஒட்சிசன் என எழுதிவிட்டுச் சமன்பாட்டைச் சமப்படுத்தப் போய்விடும். பதியாத பிள்ளையோ ஒவ்வொன்றையும் தேடிவிட்டுத் திரும்பும்போது, எந்தப் படியில் விட்டது என்பதையே மறந்து மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். மனம் ஒரே நேரத்தில் தாங்கக்கூடியவை மிகச் சில. உளவியலாளர் ஜோர்ஜ் மில்லர் 1956இல் ஏறத்தாழ ஏழு என்றார், நெல்சன் கோவன் 2001இல் அதனை நான்கு அளவுக்குக் குறைத்தார். அந்தச் சிறிய இடத்தையும் தேடலே பிடித்துக்கொண்டால் யோசிப்பது எங்கே? தேடிக் கிடைத்த விடை பிழையென்று ஐயுறுவதற்கும் ஏதாவது முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

வவுனியா உயர்தர மாணவன்:
ஆசிரியை கூறுவதில் பாதியையே ஏற்கிறேன். வலுவளவு சரி. ஆனால் உயிரியலில், புள்ளித்திட்டத்தில் உள்ள சொல்லே விடையிலும் வர வேண்டும் என்பதற்காக, ரியூசன் குறிப்புகளைப் பந்தி பந்தியாக ஒப்புவிக்கிறோம். பொருள் விளங்காமலே எழுதிப் புள்ளி பெற முடிகிறது. இதற்கும் சிந்தனைக்கும் என்ன தொடர்பு?

மாங்குளம் விஞ்ஞான ஆசிரியை:
தம்பி, அதை நானும் ஆதரிக்கவில்லை. அந்தக் குறை பெரும்பாலும் வினாத்தாளுக்கு உரியது. பாடமாக்க வேண்டியவை அடிக்கடி கைக்கு வேண்டியவை மட்டுமே: வாய்பாடு, வலுவளவு, சில சூத்திரங்கள்.

கிளிநொச்சித் தந்தை:
விளங்குகிறது, ரீச்சர். ஆனால் மகள் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். இரண்டு நாளில் மறந்துவிடுகிறாள்.

மாங்குளம் விஞ்ஞான ஆசிரியை:
வாசிப்பதே காரணமாக இருக்கலாம். உளவியலாளர்களான ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது மீண்டும் வாசித்த மாணவர்களே முன்னின்றனர்; ஒரு கிழமைக்குப் பின்னரோ, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் அவர்களை முந்தினர். ஆகவே புத்தகத்தை மூடிவிட்டு வெற்றுத்தாளில் எழுதட்டும், பிறகு திறந்து தானே திருத்தட்டும். முதல் நாள் தாள் முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அதற்காக ஏச வேண்டாம்.