புதுப்பிப்பு: அந்த எம்.எஸ். மாத்திரை பற்றி

எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும் நரம்பு நோய்) மெல்ல முற்றும் கட்டத்தில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் டோலிபுருட்டினிப் என்றொரு மாத்திரை வரப்போகிறது என்று போன தடவை குதித்து எழுதியிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. அந்த மாத்திரையை நோயாளிகளிடம் சோதித்த ஹெர்குலிஸ் ஆய்வின் முடிவை இப்போதுதான் நிதானமாகப் படித்தேன். வெற்று மாத்திரை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால், இயலாமை கூடும் அபாயம் 31 சதவீதம் குறைவு. குறைவுதான், நின்றுவிடவில்லை, இழந்த நடை திரும்பும் என்று நான் எழுதியது அவசரப் பேச்சு.

அப்புறம் கல்லீரல். மாத்திரை எடுத்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்குக் கல்லீரல் நொதி (கல்லீரல் பாதிக்கப்பட்டால் இரத்தத்தில் கூடும் பொருள்), இயல்பான மேல்வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது, ஒருவர் மாற்றுக் கல்லீரல் பொருத்தியும் பிழைக்கவில்லை. இதைப் படித்த பிறகு கொஞ்சம் அடங்கிவிட்டேன். இப்போது எடுக்கும் மருந்தை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாமா என்று கேட்டதற்கு, "வேண்டவே வேண்டாம்" என்றார் என் நரம்பியல் மருத்துவர். சரி, நிறுத்தவில்லை.