‘கமிட்டட் எக்ஸ்பெண்டிச்சர்’ – நிலுவையா, சொல்லிவைத்ததா, கடப்பாடா?

ராயபுரத்திலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். ஆய்வு நிதிக் கையேட்டுக்கான தமிழ்ச் சொற்களில் ‘சாங்ஷன் ஆர்டர்’ என்றால் அனுமதி ஆணை, ‘யூசி’ என்றால் பயனீட்டுச் சான்றிதழ். இவற்றில் தகராறு இல்லை. ‘கமிட்டட் எக்ஸ்பெண்டிச்சர்’தான் இழுத்துக்கொண்டே போகிறது. ஆர்டர் போயிருக்கும், சரக்கு வந்திருக்காது, பணமும் கொடுத்திருக்காது; ஆனாலும் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. பழைய வரைவில் ‘நிலுவைச் செலவு’ என்று இருக்கிறது. ‘சொல்லிவைத்த செலவு’ என்று போட்டால் என்ன? பாரிமுனைக் கடைகளில் ‘சரக்குக்குச் சொல்லியாச்சு’ என்றால் எல்லாருக்கும் புரியும்.

மாதவரத்திலிருந்து:

சார், ‘நிலுவை’ கண்டிப்பாக வேண்டாம். சரக்கு வந்து, சரிபார்த்து, பில்லும் வந்து, பணம் மட்டும் பாக்கி என்றால்தான் அது நிலுவை. இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால் கணக்கு எங்கே கெடும் என்று ஓர் எடுத்துக்காட்டில் பாருங்கள். நுகர்பொருள் என்ற செலவுத் தலைப்பில் அனுமதி 6,00,000 ரூபாய். கொடுத்தது 3,40,000. ஆர்டர் போட்டுச் சரக்கு வராதது 1,85,000. பில் வந்து கொடுக்காதது 40,000. வங்கிக் கணக்கைப் பார்க்கிற பேராசிரியருக்கு 2,60,000 மிச்சம் என்று தோன்றும். உண்மையில் கையில் இருப்பது 35,000. அவர் ஒன்றரை லட்சத்துக்கு இன்னொரு ஆர்டர் போடுவார், மார்ச்சில் இரண்டு பில்லும் ஒன்றாக வந்து நிற்கும். பல திட்டங்களில் தலைப்பு விட்டுத் தலைப்பு மாற்ற நிதி கொடுத்தவரின் முன் அனுமதி வேண்டும். அது வருவதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.

‘சொல்லிவைத்த’ காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் பக்கம் சொல்லிவைப்பது வாயால். எண்ணூர் கழிமுகத்தில் நீர் மாதிரி எடுக்கப் படகுக்காரரிடம் ‘வியாழக்கிழமை வரோம்’ என்று சொல்லிவைத்தால் அது செலவுக் கணக்கில் ஏறாது. எண்ணும் தேதியும் போட்ட ஆணை இருந்தால்தான் ஏறும். இந்த ஒரு காரணத்துக்காகவே என் ஓட்டு ‘கடப்பாட்டுச் செலவு’க்கு. ஆணை கையெழுத்தான நாளில் கடப்பாடு பிறக்கிறது. சரக்கு வந்ததும் நிலுவையாகிறது. பணம் கொடுத்ததும் செலவு.

‘பிணைத்தொகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒப்பந்ததாரர் கட்டுகிற டெபாசிட்டுக்கு அந்தச் சொல் ஏற்கெனவே போய்விட்டது. ‘பிடிப்புத் தொகை’யும் ஆகாது, சம்பளப் பில்லில் பிடித்தம் என்றால் வேறு.

வியாசர்பாடியிலிருந்து:

மேடம் சொல்வதை ஏற்கிறேன். இரண்டு கேள்வி. ஜேஆர்எஃப், அதாவது இளநிலை ஆய்வாளரின் மாத உதவித்தொகை 37,000, வீட்டுவாடகைப்படி 30 சதவீதம் என்றால் 48,100. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஐந்து மாதம் 2,40,500. நியமன ஆணை இருக்கிறது, ஆள் இன்னும் வேலை செய்யவில்லை. இது கடப்பாடா? அடுத்து, டாலரில் போட்ட ஆர்டரை எந்த விலைக்கு எழுதுவது?

மாதவரத்திலிருந்து:

உதவித்தொகை கடப்பாடுதான், ஆணையில் உள்ள கடைசித் தேதி வரைக்கும். ஆய்வாளர் நடுவில் விலகினால் அன்றே மீதியைக் ‘கடப்பாடு நீங்கியது’ என்று எழுதி விடுவிக்கவேண்டும். பெரும்பாலான ஏடுகளில் சறுக்குவது இங்கேதான்: ஏற்றுவார்கள், இறக்க மறப்பார்கள். ரத்தான ஆர்டர்கள் ஆண்டுக் கடைசி வரை பணத்தைக் கட்டிப்போட்டபடி கிடக்கும்.

டாலர் ஆர்டரை ஆணை நாளின் மாற்று விலைக்கு எழுதி, காலாண்டுக்கு ஒருமுறை திருத்துங்கள். 10,000 டாலர், 83 ரூபாய்க்கு 8,30,000. 86 ஆனால் 8,60,000. அந்த 30,000 எங்கிருந்து வரும் என்பதை ஆர்டர் போடும்போதே கேட்டுவைப்பது நல்லது. சுங்க வரியும் துறைமுகத்தில் சரக்கை விடுவிக்கும் செலவும் ஏட்டில் தனிப் பதிவு. எல்சி (விற்பவருக்கு வங்கி தரும் கடன் உறுதிக் கடிதம்) திறக்க வங்கி எடுத்துக்கொண்ட பணம் கடப்பாட்டில் வராது. அது சரிக்கட்டாத முன்பணம்.

யூசியில் இந்த வேறுபாடு முக்கியம். யூசிக்கான ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் சரிக்கட்டாத முன்பணத்துக்கு இடம் உண்டு, கடப்பாட்டுக்குக் கிடையாது. ஆகவே கடப்பாட்டைச் செலவாகக் காட்டவே கூடாது, இறுதி இருப்பில் அடங்கியே போகவேண்டும். டிஎஸ்ஏ, அதாவது பணம் அரசுக் கருவூலக் கணக்கிலேயே இருந்து நமக்குச் செலவு வரம்பு மட்டும் தரும் முறையில் வரும் நிதி என்றால் இன்னும் கெடுபிடி: மார்ச் 31-ஓடு அந்த ஆண்டின் வரம்பு காலாவதி. ஆர்டர் உயிரோடு இருக்கும், பணம் இருக்காது. புதிய ஆண்டுக்கான கோரிக்கையில் கடப்பாட்டுப் பட்டியலை ஆணை எண்ணோடு இணைத்தால்தான் அந்தத் தொகையைக் கேட்டு வாங்க முடியும்.

ராயபுரத்திலிருந்து:

சரி, ‘சொல்லிவைத்த’வை விட்டுக்கொடுக்கிறேன், கொஞ்சம் வருத்தத்தோடுதான். கையேட்டில் ‘கடப்பாட்டுச் செலவு’, ‘கடப்பாட்டேடு’, ‘கடப்பாடு நீக்கம்’ என்று போடுகிறேன். ‘அன்கமிட்டட் பேலன்ஸ்’ மட்டும் ‘கடப்பாடற்ற இருப்பு’ என்றால் நாக்கு சிக்குகிறது. ‘தனி இருப்பு’ என்றால் தனியாக எடுத்துவைத்தது போல இருக்கிறது. ‘கைவசம்’ என்று போட்டால் தணிக்கையில் ரொக்கம் என்று எடுத்துக்கொள்வார்களா? மேடம்தான் சொல்லவேண்டும்.

மாதவரத்திலிருந்து:

எடுத்துக்கொள்வார்கள் சார். ‘செலவிடத்தக்க இருப்பு’ என்று போடுங்கள்.