கண்ணில் சுண்ணாம்பு, காரம், அமிலம்: கழுவுவதில் எங்கே கோட்டை விடுகிறோம்?

அவசரப் பிரிவு செவிலியர்:
சுண்ணாம்போ சிமென்டோ கண்ணில் விழுந்து வருபவர்கள், "நல்லா கழுவிட்டேன் சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். மேல் இமையைப் புரட்டினால் துகள் அங்கேயே ஒட்டியிருக்கும். அது கரையக் கரையக் காரம் (அமிலத்துக்கு எதிரான ஆல்கலி) ஊறிக்கொண்டே இருக்கும். பிஎச் தாளை (அமிலமா காரமா, எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் தாள்; 7 என்றால் நடுநிலை) கீழிமைக்குள் ஒரு நொடி வைத்துப் பார்த்துவிட்டு உடனே கழுவத் தொடங்குங்கள். பெயர், வயது எல்லாம் அப்புறம். மரப்புச் சொட்டு, பிறகு ட்ரிப் செட்டில் ரிங்கர் லாக்டேட் (நரம்பில் ஏற்றும் உப்புக் கரைசல்) அல்லது சலைன். இரண்டும் கைவசம் இல்லையா? குழாய்த் தண்ணீரே போதும். குறைந்தது 30 நிமிடம், 1 முதல் 2 லிட்டர். கடும் காரமென்றால் இன்னும் அதிகம் பிடிக்கும். நடுவில் இமையை இரண்டு மடிப்பாகப் புரட்டி, ஈரப் பஞ்சுக் குச்சியால் மூலைவரை துடைத்தெடுக்க வேண்டும்.

பிஎச் 7க்கும் 7.4க்கும் இடையே வந்ததும் நிறுத்தி, 5 முதல் 10 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறியிருந்தால், உள்ளே ஏதோ மிச்சம் இருக்கிறது.

ஆய்வகப் பணியாளர்:
காரம் பட்டால் கொஞ்சம் வினிகர் விட்டு முறிக்கலாமே?

செவிலியர்:
கூடவே கூடாது. முறியும்போது சூடு கிளம்பும்; வெந்த கண் மேலும் வேகும்.

கண் மருத்துவர்:
சிவந்த கண்ணைவிட வெளுத்த கண்தான் ஆபத்து. கருவிழியைச் சுற்றியுள்ள ஓரத்தில் ரத்த ஓட்டம் செத்திருந்தால், கருவிழியின் மேல்தோலைப் புதுப்பிக்கும் ஸ்டெம் செல்களும் போயிருக்கும். நோயாளிக்கு வலிகூடக் குறைவாக இருக்கும். அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அமிலம் புரதத்தை உறையவைத்துத் தனக்கே தடுப்பு போட்டுக்கொள்ளும் (ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் விதிவிலக்கு). காரம் கொழுப்பைச் சோப்பாக்கிக்கொண்டே உள்ளே இறங்கும்.

ஆன்டிபயாடிக் சொட்டு எல்லோருக்கும் உண்டு. பிரெட்னிசலோன் (ஸ்டீராய்டு) சொட்டு முதல் 7-10 நாள் தாராளமாக. அதற்குப் பிறகும் மேல்தோல் மூடாவிட்டால் குறைத்தே ஆக வேண்டும். இல்லையேல் கருவிழி உருகும். உருகாமல் காக்க வைட்டமின் சி, டாக்ஸிசைக்ளின் 100 மி.கி. இருவேளை, பிந்தையது கர்ப்பிணிக்கும் சிறு குழந்தைக்கும் ஆகாது. பாப்பாவை (கண்ணின் நடுவே ஒளி நுழையும் துளை) விரிக்க ஃபினைலெஃப்ரின் வேண்டாம், இருக்கிற ரத்தநாளத்தையும் சுருக்கிவிடும். கண் அழுத்தத்தை ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

இமைச் சீரமைப்பு மருத்துவர்:
எங்களிடம் தாமதமாக அனுப்பப்படுபவை பெரும்பாலும் இமை கண்ணோடு ஒட்டிப்போனவை. புண் பச்சையாக இருக்கும்போதே பனிக்குடத்தின் (கருவைச் சூழ்ந்திருக்கும் பை) மெல்லிய சவ்வை வைத்து, இமைக்குழியை வளையம் போட்டு விரித்து வைக்கலாம். தழும்பு சுருங்கி இமை மூடாமல் போனால், எவ்வளவு சொட்டு விட்டாலும் கருவிழி காயும். இமையை முதலில் சரிசெய்யாமல் ஸ்டெம் செல் மாற்றுக்குப் போவது வீண்.