இரட்டை எஞ்சின் பயிற்சிக்கு டர்பனில் செமினோலா, ஜோகனஸ்பர்க்கில் டிஏ42ஆ?

கேள்வி: டர்பன் மாணவர்

வணக்கம். டர்பன் வெர்ஜினியா விமானநிலையத்தில் ஒற்றை எஞ்சின் விமானத்தில் பயின்று வருகிறேன். அடுத்து இரட்டை எஞ்சின் ரேட்டிங் (அவ்வகை விமானத்தை ஓட்டும் தகுதி) எடுக்க வேண்டும். இங்கே பழைய பைப்பர் செமினோல் விமானம் ஒன்று கிடைக்கிறது. ஜோகனஸ்பர்க்கை அடுத்த ஜெர்மிஸ்டனில் சித்தப்பா வீட்டில் தங்கி, ராண்ட் விமானநிலையத்தில் டயமண்ட் டிஏ42இல் பயிலவும் வழி உண்டு. எனக்குச் சொல்லப்பட்ட கட்டணம் அங்கேதான் அதிகம். பின்னாளில் சார்ட்டர் (வாடகை விமான) வேலைக்குப் போக விரும்புகிறேன். கடன் வாங்கிப் படிப்பதால், அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்டு முடிவு செய்ய நினைக்கிறேன்.

மறுமொழி: ஹைவெல்ட் (ஜோகனஸ்பர்க் மேட்டுநிலம்) பயிற்றுநர்

தம்பி, கட்டணத்துக்கு முன் ஓடுதளத்தின் உயரத்தைப் பாருங்கள். வெர்ஜினியா கடற்கரையை ஒட்டியது. ராண்ட் ஏறத்தாழ 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. முழு எடையோடு ஓர் எஞ்சினில் பறக்கும் செமினோலின் ஏறுதிறன் 4,000 அடி வாக்கிலேயே தீர்ந்துவிடும். ராண்டில் புறப்பட்டவுடன் ஓர் எஞ்சின் நின்றால், மற்றது உங்களை மேலே கொண்டுபோகாது, கீழிறங்குவதை மெதுவாக்கும், அவ்வளவே. வெயில் 30 டிகிரியைத் தொடும் நாளில் அங்குள்ள காற்று 8,000 அடிக்கு மேல் இருப்பதைப் போல மெலிந்திருக்கும். டிஏ42இன் டீசல் எஞ்சின்களில் டர்போசார்ஜர் (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இருப்பதால் அதற்கு இந்தச் சிரமம் மிகக் குறைவு.

மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இன்னொன்று. ஓர் எஞ்சின் நின்ற நிலையில், விமானத்தை நேராகப் பிடித்துவைக்கக்கூடிய மிகக் குறைந்த வேகத்தை விஎம்சி என்கிறோம். செமினோலில் அது 56 நாட். ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்பு) இறக்காதபோது ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே இறக்கை விமானத்தைத் தாங்க முடியாமல் போகும் வேகம், 57 நாட். உயரம் கூடக்கூட, ஓடுகிற எஞ்சினின் இழுவை குறைவதால் விஎம்சியும் இறங்கும். வேகமானி காட்டும் ஸ்டால் வேகமோ மாறாது. ஆகவே மேட்டுநிலத்தில் அந்த விமானத்தை வைத்து விஎம்சியைச் செய்துகாட்டப் போனால், ரடர் (மூக்கை இடவலமாகத் திருப்பும் வால் சுக்கான்) தோற்பதற்கு முன்பே ஸ்டால் வந்து, ஒரு பக்க இழுவையோடு சேர்ந்து விமானத்தைச் சுழலில் தள்ளிவிடக்கூடும். பயிற்றுநர் ரடர் மிதியைத் தம் காலால் பாதியில் தடுத்துவைத்தால், ஸ்டாலுக்கு வெகு முன்பே, பாதுகாப்பான வேகத்திலேயே விமானம் திரும்பத் தொடங்குவதை மாணவர் உணரலாம். உங்கள் பயிற்றுநர் இதை எப்படிச் செய்வார் என்று கேளுங்கள். தெளிவாகச் சொல்ல இயலாதவரிடம் எந்த விமானத்திலும் பயில வேண்டாம்.

மறுமொழி: சார்ட்டர் விமானி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

அண்ணன் சொன்ன அபாயத்தை முழுமையாக ஏற்கிறேன். அதனாலேயே, தம்பி, செமினோலைக் கடலோரத்தில் ஓட்டிப் பழகுங்கள் என்பேன். நீங்கள் போக விரும்பும் சார்ட்டர் வேலையில் பாரன், செஸ்னா 402 ஆகிய இரட்டை எஞ்சின் விமானங்கள் இன்னும் பறக்கின்றன; அவற்றில் எஞ்சினுக்கு மூன்றாக (த்ராட்டில், புரொப்பெல்லர், எரிபொருள் கலவை) ஆறு நெம்புகோல்கள் இருக்கும். எஞ்சின் நின்றதும் ஆறையும் முன்னே தள்ளி, சக்கரத்தையும் ஃபிளாப்பையும் உள்ளிழுத்து, விமானத்தை நேராக வைக்க ரடர் மிதியை அழுத்தும்போது எந்தக் கால் சும்மா இருக்கிறதோ அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றது என்று கண்டு, த்ராட்டிலை இழுத்து உறுதிசெய்த பிறகே புரொப்பெல்லரை ஃபெதர் செய்ய, அதாவது காற்றைத் தடுக்காதபடி அதன் அலகுகளைக் காற்றோட்டத்துக்கு நேராகத் திருப்ப, வேண்டும். அதிலும் தாமதிக்கக் கூடாது, ஏனென்றால் செமினோலில் சுழற்சி நிமிடத்துக்கு 950க்குக் கீழே போய்விட்டால் பூட்டு விழுந்து, பிறகு ஃபெதர் ஆகாது. டிஏ42இல் எஞ்சின் மாஸ்டர் சுவிட்சை அணைத்தால் ஃபெதர் தானாக நடந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், ஆனால் கைக்குப் பழக்கம் வராது.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். செமினோலின் புரொப்பெல்லர்கள் எதிரெதிர்த் திசையில் சுழல்வதால் எந்த எஞ்சின் நின்றாலும் விளைவு ஒன்றே. விமானி இருக்கையிலிருந்து பார்க்க இரண்டும் வலஞ்சுழியாகச் சுழலும் விமானங்களில் இடது எஞ்சின் நிற்பதே அதிக ஆபத்து. செமினோலில் அதை உணர முடியாது என்பதால், தரை வகுப்பில் கேட்டுப் படித்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: பராமரிப்புத் தொழில்நுட்பர்

இரண்டில் எதுவானாலும், பணம் கட்டுமுன் எஞ்சின், புரொப்பெல்லர் பதிவேடுகளைக் காட்டச் சொல்லி, அடுத்த பெரிய பராமரிப்புக்கு எத்தனை மணி நேரம் மீதமிருக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றே ஒன்றுதான் என்றால், அது பட்டறைக்குள் போகும் வாரங்களில் உங்கள் பயிற்சியும் நின்றுவிடும். விட்ட இடத்தைப் பிடிக்கச் செலவாகும் மணி நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் தர வேண்டியிருக்கும்.