கலைச்சொல் தேவை: பலர் ஓட்டும் காரில் ஓட்டுதுணைகளை யார் தொடலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பெங்களூரில் நாமே ஓட்டிச் செல்லும் வாடகைக் கார்களில், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்குமே அவற்றில், இப்போது ஓட்டுதுணைகள் வந்துவிட்டன. முன்னே போகும் வண்டிக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. தடத்தின் நடுவிலேயே வண்டியைப் பிடித்து வைப்பது இன்னொன்று. மோதப் போனால் தானே பிரேக் போடுவது மூன்றாவது. முதல் இரண்டும் சேர்ந்து இயங்கினால் எஸ்ஏஇ ஜே3016 வகைப்பாட்டில் (கார் எவ்வளவு தானே ஓடுகிறது என்பதை 0 முதல் 5 வரை பிரிக்கும் தரநிலை) 2ஆம் நிலை. மூன்றாவது 0ஆம் நிலை, ஏனென்றால் அது ஆபத்து நேரத்தில் மட்டும் கணநேரம் தலையிட்டு விலகிவிடும்.

எந்த ஓட்டுநருக்கு எது கிடைக்கும் என்று காரை வாடகைக்கு விடுபவர் குறித்துவைக்கும் அமைப்புப் பக்கத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். 'அம்ச அணுகல் கட்டுப்பாடு' என்று சிலர் எழுதுகிறார்கள். கார் விஷயத்தில் 'அணுகல்' என்றால் கதவைத் திறப்பது என்றுதான் படும். 'கட்டுப்பாடு' அதைவிடச் சிக்கல். 'வேகக் கட்டுப்பாட்டின் அணுகல் கட்டுப்பாடு' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் எங்கே நிற்பார்?

என் முன்மொழிவு: 'துணைப்பூட்டு'. சின்னது, திரையில் அடங்கும்.

– ஒயிட்ஃபீல்டிலிருந்து

* * *

வணக்கம்.

'ஓட்டுதுணை' மிகப் பொருத்தம். 'ஓட்டுநர் உதவி' என்று போட்டால் பஞ்சரானால் கூப்பிடும் சாலையோர உதவியோடு குழம்பும். 'துணைப்பூட்டு' மட்டும் வேண்டாம் என்கிறேன். காரணம் சொல்லின் அழகு அல்ல, வேலையே தப்பாகிவிடும்.

இங்கே தடுக்க வேண்டியவை இரண்டு, ஒன்றுக்கொன்று எதிரானவை. தடநடுத் துணையைப் பழக்கமில்லாதவர் இயக்கக் கூடாது. தானியங்கி அவசர பிரேக்கை யாரும் விரும்பியபடி முடக்கக் கூடாது. அவுட்டர் ரிங் ரோட்டில் இரண்டு சக்கர வண்டி குறுக்கே நுழைய, அவசர பிரேக் அடிக்க, பின்னால் வருபவர் ஹாரன் அடிக்க, எரிச்சலில் ஓட்டுநர் முதலில் தேடுவது அதை அணைக்கும் இடத்தைத்தான். 'பிரேக் துணை பூட்டப்பட்டது' என்று திரை சொன்னால் அது எப்போதும் வேலை செய்யும் என்று பொருளா, வேலை செய்யாது என்று பொருளா? நூறு கிலோமீட்டர் வேகத்தில் மைசூரு விரைவுச்சாலையில் இந்த ஐயம் வரக் கூடாது.

நடப்பில் இரண்டு வகையும் உண்டு. ஃபோர்டின் மைகீ ஏற்பாட்டில், வீட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கும் சாவியால் ஓட்டும்போது சில பாதுகாப்பு வசதிகளை அணைக்கவே முடியாது. டெஸ்லாவின் வேலே நிலையில், அதாவது பார்க்கிங் செய்துதரும் ஊழியரிடம் வண்டியைக் கொடுக்கும்போது, ஆட்டோபைலட் எனும் அதன் ஓட்டுதுணையின் சொகுசு வசதிகள் கிடைக்காது, வேகமும் மணிக்கு 113 கி.மீ.க்கு மேல் போகாது. முதலாவது முடக்குவதைத் தடுக்கிறது, இரண்டாவது இயக்குவதைத் தடுக்கிறது. 'பூட்டு' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

ஆகவே தடையின் பெயரால் சொல்லாமல் உரிமையின் பெயரால் சொல்லலாம்: இயக்குரிமை, அணைப்புரிமை. ஒவ்வொரு ஓட்டுதுணைக்கும் இரண்டு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் 'உண்டு' அல்லது 'இல்லை'.

இதில் எனக்கு மிகப் பிடித்தது, தகவல் வராதபோது நடப்பது. அடித்தளப் பார்க்கிங்கில் சிக்னல் கிடைக்காது, முன்பதிவு விவரம் வண்டிக்கு வந்து சேராது. 'பூட்டு' முறையில் எழுதினால் ஒவ்வொரு துணைக்கும் தனித்தனி இயல்புநிலை வேண்டும், அதில் ஒன்று தவறினாலும் அவசர பிரேக் இல்லாமல் வண்டி கிளம்பும். உரிமை முறையில் ஒரே விதி போதும்: தெரியாவிட்டால் எல்லாம் 'இல்லை'. தடநடுத் துணை இயங்காது, அவசர பிரேக் அணையாது. இரண்டுமே பாதுகாப்பான பக்கம்.

எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியவை சில. உரிமை மாறுவது வண்டி நின்று, கியர் பி-யில் (பார்க்கிங்) இருந்து, அணைத்து மீண்டும் ஸ்டார்ட் செய்யும்போது மட்டுமே. வாடகை நேரம் முடிந்துவிட்டது என்று ஓடும் வண்டியில் தடநடுத் துணையைப் பிடுங்கினால், வளைவில் ஸ்டியரிங் திடீரென்று தளரும். அடுத்து, உரிமை ஒட்டியிருப்பது சாவியோடு, ஆளோடு அல்ல. ஒருவர் பதிவு செய்ய மற்றவர் ஓட்டுவது நம் ஊரில் சாதாரணம். கைப்பேசிச் சாவியை நண்பருக்குப் பகிர்ந்தால் அது வேறு சாவி; கொடுத்தவரின் உரிமை அதற்குத் தானாகப் போய்ச் சேரக் கூடாது, தனியே தர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு, இதுதான் பெரிய ஆபத்து. இடைவெளி பார்த்து ஓடும் வேகத்துணைக்கு இயக்குரிமை இல்லையென்றால், சில வடிவமைப்புகளில் அதே பொத்தான் பழைய க்ரூஸ் கன்ட்ரோலை இயக்கிவிடும். அது முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காது, வைத்த வேகத்தில் போகும். ஓட்டுநரோ வண்டி தானே பிரேக் போடும் என்று காத்திருப்பார். வேகத்துணைக்கு உரிமை இல்லாத இடத்தில் அந்தப் பொத்தான் மொத்தமாகவே செயலற்றிருக்க வேண்டும்.

– கோரமங்களாவிலிருந்து

* * *

இரு சொல் கொள்கையை முழுமனதாக ஏற்கிறேன். 'அணைப்புரிமை' மட்டும் உறுத்துகிறது: தழுவும் உரிமை என்றும் படிக்கலாம். 'நிறுத்துரிமை' என்று மாற்றினால் பார்க்கிங் உரிமை ஆகிவிடும். 'விலக்குரிமை' வரிவிலக்குப் பக்கம் போகிறது. கணினித் தமிழில் ஏற்கெனவே புழங்கும் 'முடக்கு' இருக்கிறதே; முடக்குரிமை என்போம். இயக்குரிமை, முடக்குரிமை: ஓசையும் இணைகிறது, காதால் கேட்டாலும் பிரித்தறியலாம்.

முடக்குரிமையை யாருக்குமே தராமல் விட்டுவிட முடியாது. உருளைகளின் மேல் சக்கரத்தை ஓடவிட்டுச் சோதிக்கும்போது மெக்கானிக் அவசர பிரேக்கை முடக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டி உருளையிலேயே தலையிட்டு பிரேக் அடிக்கும். அவர் திருப்பி இயக்க மறந்தாலும் அடுத்த ஸ்டார்ட்டில் அது தானாக மீள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூலையிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் கட்டாயமாக்கிய வேகவரம்புத் துணை அப்படித்தான்: ஓட்டுநர் முடக்கலாம், மறுமுறை ஸ்டார்ட் செய்தால் திரும்ப வந்துவிடும். எனவே பட்டியலில் மூன்றாவது மதிப்பும் சேர்க்க வேண்டும்: 'இம்முறை மட்டும்'.

உரிமையில் அடங்காத ஒன்றையும் பிரித்து வைப்போம். முன்பு ஓட்டியவர் முன்வண்டி இடைவெளியை மிகக் குறைவாக வைத்துவிட்டு இறங்குவார், அடுத்தவர் அது தெரியாமல் ஏறுவார். இது உரிமை மீறல் அல்ல, எச்சம். வண்டி கைமாறும்போது இடைவெளியை அதிகபட்சத்துக்கும், தடவிலகல் எச்சரிக்கையை இயக்கநிலைக்கும் கொண்டுவருவதற்கு 'கைமாற்று மீளமைப்பு' எனலாமா?

திரைக்கான வரிகள், மீட்டரில் ஒரே வரியில் அடங்கும்படி:

தடநடுத் துணை: இயக்குரிமை இல்லை
அவசர பிரேக்: இயங்குகிறது, முடக்குரிமை இல்லை
அவசர பிரேக்: முடக்கம், இம்முறை மட்டும்

இரண்டாவது வரியில் 'இயங்குகிறது' முன்னால் வருவதை யாரும் மாற்ற வேண்டாம். உரிமையைப் படிப்பதற்கு முன் நிலையை அறிய வேண்டும். எதிர்ப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லையேல் இந்த மூன்று வரிகளையும் சொற்பட்டியலில் ஏற்றிவிடலாம்.

– எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து