பிர் கோட்டைக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

வானம்பாடி:
அயர்லாந்தின் ஓஃபலி மாவட்டத்தில் பிர் என்கிற சின்ன ஊர். கோட்டைக்காகத்தான் போனேன். இப்போது நினைவில் நிற்பதோ தோட்டத்துத் தொலைநோக்கி. இரண்டு கல்சுவர்களுக்கு நடுவே, 50 அடிக்கு மேல் நீளமான மரக்குழாய். நல்ல மழை. குடையோடு அதன் வாய்க்குக் கீழே நின்றேன். பக்கத்தில் நின்ற உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், கட்டிய புதிதில் ஒரு பாதிரியார் விரித்த குடையோடு இதற்குள் நடந்து போனதாகச் சொன்னார். என் குடையையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்தேன். தாராளமாக நுழையும். உள்ளே ஒளியைத் திரட்டும் கண்ணாடி 72 அங்குல அகலம் என்று எத்தனையோ முறை படித்திருக்கிறேன், அது எவ்வளவு பெரிது என்று அப்போதுதான் உறைத்தது. 1845-இல் இதில் பார்த்துத்தான் இதைக் கட்டிய கோட்டைக்காரர் மூன்றாம் ராஸ் பிரபு, எம்51 என்கிற விண்மீன் மண்டலத்தின் சுருளைக் கையால் வரைந்தார்.

தெருமுனை:
எல்லாரும் தொலைநோக்கியையே சொல்கிறீர்கள். என்னை விடாதது அந்த ஊரின் ஒரு சாலை வளைவு. பிரபுவின் உறவுக்காரர் மேரி வார்டு, நுண்ணோக்கியில் கண்டதை வரைந்து புத்தகம் போட்டவர். எட்டுப் பிள்ளைகளின் தாய். 1869 ஆகஸ்ட் 31 அன்று, அந்தக் குடும்பத்தார் செய்த நீராவி வண்டியிலிருந்து வளைவில் தூக்கி எறியப்பட்டு, சக்கரத்தில் சிக்கி இறந்தார். வயது 42. உலகில் பதிவான முதல் மோட்டார் வாகன விபத்துச் சாவு இதுதான் என்கிறார்கள். நான் நின்றபோது ஒரு கார் சட்டென்று திரும்பியது. என்னையறியாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

மரீசி:
வானம்பாடி, எல்லாவற்றையும் பிரபு கணக்கிலேயே எழுதாதீர்கள். மனைவி மேரி ராஸின் சொத்தும் சேர்ந்துதான் தொலைநோக்கி கட்டும் வேலை நடந்தது. அவரே நல்ல புகைப்படக்காரர். அவருடைய இருட்டறையின் அலமாரியில் ரசாயனப் புட்டிகளைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை.

அப்புறம், போகிறவர்களுக்கு ஒன்று. குடும்பம் இன்னும் கோட்டையில் குடியிருக்கிறது, அதனால் தோட்டத்துக்கும் அறிவியல் காட்சியகத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். ஊர் திரும்பியதும் எம்51-ஐ நீங்களே தேடுங்கள். ஏப்ரல், மே இரவில் சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனி விண்மீனுக்குப் பக்கத்தில் இருக்கும். தெருவிளக்கு இல்லாத இடமாகப் பாருங்கள். சின்னத் தொலைநோக்கியில் சுருள் தெரியாது, மங்கலான இரண்டு திட்டுகள்தான். சரி, அதற்கே இருபது நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்க வேண்டும். அதுவரை கைபேசியைத் தொடாதீர்கள்.